குட்டி லிங்க் யார் கையில் இருக்கிறது?

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. அன்று காலை இலங்கையில் ‘கூகுள் டாட் எல்கே’ என்று தட்டிய பலருக்குக் கூகுள் திறக்கவில்லை. தேயிலைத் தொழிலின் நிலைமை, ஊடக சுதந்திரம், அரசியல் ஊழல், சிறுபான்மையினர் பிரச்சினை என்று நாட்டின் குறைகளை அடுக்கிய வேறொரு பக்கம் வந்து நின்றது. தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. தட்டியவர்கள் ஓர் எழுத்தைக்கூடப் பிழையாகத் தட்டவில்லை. ‘எல்கே’ என்று முடியும் முகவரிகளைப் பராமரிக்கும் எல்கே டொமைன் பதிவகத்துக்குள் யாரோ நுழைந்து, சில முகவரிகள் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்ற குறிப்பை மாற்றியிருந்தார்கள்.

இணையத்தில் நாம் தட்டுவதும் தொடுவதும் வெறும் பெயரைத்தான். அந்தப் பெயர் எங்கே போய்ச் சேரும் என்பதை வழியில் இருக்கும் வேறு கணினிகள் முடிவு செய்கின்றன. அன்றைக்கு அந்த முடிவை மாற்ற ஒரு நாட்டின் பதிவகத்திலேயே கைவைக்க வேண்டியிருந்தது. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் நம் போன்களுக்கு வந்து விழும் குட்டி லிங்க்குகளுக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. அங்கே முடிவு முதலிலிருந்தே அனுப்பியவர் கையில் இருக்கிறது.

நீளமான இணைய முகவரியைச் சில எழுத்துகளுக்குள் அடக்கித் தரும் சேவைகளில் பெயர் பெற்ற முன்னோடி டைனி யூஆர்எல். அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கெவின் கில்பர்ட்சன் 2002இல் அதைத் தொடங்கினார். 2008இல் பிட்லி வந்தது. இவற்றின் வேலை எளிது. சேவையின் கணினியில் இரண்டு பத்திகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். ஒரு பத்தியில் குட்டிக் குறியீடு, மறு பத்தியில் உண்மையான முகவரி. ஆங்கிலச் சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, இலக்கம் 10, ஆக 62 குறிகள். ஆறு இடங்களை இவற்றால் நிரப்பினாலே சுமார் 5,680 கோடி வெவ்வேறு குறியீடுகள் கிடைத்துவிடும்.

லிங்க்கைத் தொட்டதும் உங்கள் போன் அந்தச் சேவையிடம் பக்கத்தைக் கேட்கிறது. சேவை பக்கத்தைத் தருவதில்லை. 301 அல்லது 302 என்ற எண்ணோடு இன்னொரு முகவரியைச் சொல்லி, அங்கே போய்க் கேள் என்று திருப்பி அனுப்புகிறது. 301 என்றால் நிரந்தர இடமாற்றம், 302 என்றால் தற்காலிகம். போனும் மறுபேச்சில்லாமல் அங்கே போகிறது. அங்கிருந்தும் மூன்றாவது இடத்துக்கு, நான்காவது இடத்துக்கு என்று அனுப்பப்படலாம். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் இடையில் இத்தனை பேர் கைகாட்டியது நமக்குத் தெரியவே தெரியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. லயத்து வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். தோட்ட அலுவலகத்தில் கைமாறித்தான் உரியவரிடம் போய்ச் சேரும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கிடைத்த கதை மலையகத்தில் பல குடும்பங்களில் உண்டு. இடையில் நிற்பவர் ஒழுங்காக இருந்தால் கடிதம் வரும், இல்லையென்றால் வராது. குட்டி லிங்க்கிலும் அப்படி இரண்டு பேரை நம்பியாக வேண்டும். ஒருவர் லிங்க்கை உண்டாக்கியவர், மற்றவர் அந்தப் பட்டியலை வைத்திருக்கும் சேவைக்காரர். சேவைக்காரர் பக்கமே ஓட்டை விழுந்ததும் உண்டு. 2009 ஜூன் மாதம் க்ளிக்ஸ் என்ற சேவைக்குள் யாரோ நுழைந்து, ஏறத்தாழ 22 இலட்சம் லிங்க்குகளை ஒரே ஒரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த லிங்க்குகளை நண்பர்களுக்கு அனுப்பியிருந்தவர்கள் ஒரு தப்பும் செய்தவர்கள் அல்ல.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது நல்ல நிறுவனங்களும் ஏன் குட்டி லிங்க்கை அனுப்புகின்றன என்று கேட்கலாம். காரணம் குறுஞ்செய்தியின் அளவு. 1985இல் ஜெர்மன் பொறியாளர் ஃபிரிட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, ஒரு செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்று கணக்கிட்டார். ஒரு குறுஞ்செய்தியின் மொத்தக் கொள்ளளவு 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்றால் 160 எழுத்து வரும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 16 பிட்டை எடுத்துக்கொள்வதால் 70 இடங்கள்தான் மிஞ்சும். அதிலும் மெய்ப்புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம். மடுல்சீமை என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது இடம். ஊர்ப் பெயரை எழுதவே இவ்வளவு செலவானால் ஒரு முழு இணைய முகவரிக்கு எங்கே இடம்? ஆகவே தமிழில் செய்தி அனுப்ப நினைக்கும் நிறுவனம் லிங்க்கைக் குறுக்குகிறது, அல்லது செலவைப் பார்த்துத் தமிழையே விட்டுவிடுகிறது. இரண்டாலும் கெடுதி நமக்குத்தான்.

மோசடிக்காரருக்குக் குட்டி லிங்க்கில் கிடைக்கும் வசதிகள் பல. போகுமிடம் வெளியே தெரியாது என்பது முதலாவது. லிங்க்கை அனுப்பிய பிறகும் போகுமிடத்தை மாற்றலாம் என்பது அதைவிடப் பெரிது. காலையில் உண்மையான செய்திப் பக்கத்துக்குப் போன லிங்க் மாலையில் பொய் வங்கிப் பக்கத்துக்குப் போகலாம். காலையில் ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு ‘நல்லதுதான்’ என்று குடும்பக் குழுவில் சொல்லியிருப்பார், மாலையில் திறப்பவர் அந்தச் சொல்லை நம்பித் திறப்பார். இன்னொரு தந்திரம் ஆளைப் பார்த்துப் பக்கத்தைக் காட்டுவது. லிங்க்கைத் தொடும்போது உங்கள் இணைய இலக்கம், எந்த நாடு, எந்த வகை போன் என்ற விபரங்கள் எதிர்ப்பக்கத்துக்குப் போகின்றன. இலங்கையிலிருந்து ஒரு ஆண்ட்ராய்டு போன் வந்தால் மோசடிப் பக்கம், பாதுகாப்பு நிறுவனத்தின் சோதனைக் கணினி வந்தால் கூகுள் முகப்பு என்று பிரித்துக் காட்டுகிறார்கள். சோதித்தவருக்கு எதுவும் அகப்படாது. எத்தனை பேர் தொட்டார்கள், எந்த நேரத்தில் அதிகம் தொட்டார்கள் என்ற கணக்கும் அவர்களுக்குக் கிடைக்கிறது. அடுத்த சுற்றுச் செய்தியை அந்த நேரம் பார்த்து விடுகிறார்கள்.

இலங்கைத் தபால் திணைக்களம் தன் பெயரில் சுற்றும் பொய்க் குறுஞ்செய்திகளைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. உலகம் முழுவதும் தபால் சேவைகளின் பெயரில் நடக்கும் மோசடி இது. அந்தச் செய்தியின் அச்சு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: உங்கள் பொதி வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் விநியோகிக்க முடியவில்லை, இத்தனை மணித்தியாலத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் முகவரியைச் சரிசெய்யுங்கள். கொழும்பில் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் உள்ள ஒருவர் இதைப் படித்தால், ‘என் முகவரியில் என்ன குறை?’ என்று யோசிப்பார். லயத்தில் இருப்பவருக்கு அந்த யோசனை வராது. வாழ்நாள் முழுவதும் அவருடைய முகவரி முழுமையாக இல்லாமல்தான் இருந்திருக்கிறது. மோசடிக்காரர் யாருக்கோ எழுதிய வாசகம், தோட்டத்து வாழ்க்கையில் அப்படியே பொருந்திப் போகிறது. அவர் ஏமாந்தால் அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த லிங்க்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தபால் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும். பெயர், தொலைபேசி இலக்கம், முகவரி கேட்கும். அதுவரை கெடுதி பெரிதாகத் தெரியாது. அடுத்து, மறுவிநியோகக் கட்டணம் என்று நூறு ரூபாவுக்குள் ஒரு தொகையைக் காட்டும். தொகை சிறியதாக இருப்பதுதான் தூண்டில். அதைக் கட்ட வங்கி அட்டையின் இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவற்றைத் தட்டச் சொல்லும். நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் ஒருவர் அதே விபரங்களை வைத்து எங்கோ ஒரு பெரிய கொள்வனவைத் தொடங்குகிறார், அல்லது உங்கள் அட்டையைத் தன் போனில் உள்ள பணப்பையில் சேர்க்கிறார். வங்கி உங்களுக்கு ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு இலக்கத்தை அனுப்புகிறது. பக்கமும் ‘உங்கள் போனுக்கு வந்த இலக்கத்தைத் தட்டுங்கள்’ என்கிறது. இலக்கம் உண்மையான வங்கியிலிருந்தே வந்திருப்பதால் சந்தேகமே வராது.

உண்மையில் அந்த ஓடிபி செய்திதான் உங்களைக் காப்பாற்றக்கூடிய கடைசி இடம். எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்த நாணயத்தில் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். கட்டப்போவது அறுபது ரூபா என்று நினைப்பவரின் கையில் ஒரு இலட்சம் ரூபாவுக்கான ஓடிபி இருக்கும். ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கும். அவர் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டுவார். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு இலட்சம் ரூபா என்பது எழுபத்து நான்கு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த உழைப்பு.

இந்த மொழிப் பிரச்சினையை நம் ஊடகங்களில் வரும் எச்சரிக்கைகள் கண்டுகொள்வதே இல்லை. ‘எழுத்துப் பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள்’ என்கிறார்கள். வெளிநாட்டு அறிவுரையை அப்படியே பெயர்த்துத் தரும்போது இதுதான் நடக்கிறது. இலங்கையில் அரசாங்க அலுவலகத்துப் பெயர்ப்பலகைத் தமிழே பிழையோடு நிற்பதை நாம் ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. இருந்தும் பிழையில்லாத தமிழில் ஓர் அரச குறுஞ்செய்தி வருவது அரிது. உண்மையான செய்தி பிழையோடு வருகிறது, பொய்ச் செய்தியும் பிழையோடு வருகிறது. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு நன்றாக எழுதத் தொடங்கியிருப்பதால் பொய்ச் செய்தியின் தமிழ் உண்மையானதைவிட ஒழுங்காகவும் இருக்கக்கூடும். எழுத்துப் பிழையைக் கொண்டு நாம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மொழியை விட்டுவிட்டு முகவரியைப் பார்க்கப் பழக வேண்டும். தபால் திணைக்களத்தின் இணைய முகவரி ‘எஸ்எல்போஸ்ட் டாட் ஜிஓவி டாட் எல்கே’. ‘ஜிஓவி டாட் எல்கே’ என்ற முடிவு அரச நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் பெயரும் முடிவும்தான் சொந்தக்காரரைக் காட்டும். ‘எஸ்எல்போஸ்ட் டாட் ஜிஓவி டாட் எல்கே’ என்று தொடங்கி, சாய்கோடு வருவதற்குள் இன்னொரு பெயரும் ‘டாட் டாப்’ என்ற முடிவும் ஒட்டியிருந்தால், முன்னால் உள்ளதெல்லாம் வெறும் அலங்காரம். அந்தக் கடைசிப் பெயரை வாங்கிய ஆளின் பக்கம் அது. பூட்டுப் படத்தை நம்பிப் பயனில்லை. அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கல்ல. மோசடிப் பக்கமும் இலவசமாகவே பூட்டு வாங்கிக்கொள்ளும். பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதால் கூகுள் குரோம் 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

குட்டி லிங்க் இந்த வாசிப்பைத்தான் முடியாமல் செய்கிறது. ஓரளவுக்கு வழி உண்டு. பிட்லி லிங்க்கின் கடைசியில் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்து உலாவியில் தட்டினால், போகுமிடத்தைக் காட்டும் பக்கம் வரும். டைனி யூஆர்எல்லில் முகவரிக்கு முன்னால் ‘பிரிவியூ’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒரு புள்ளியையும் சேர்த்தால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் மோசடிக்காரர் சொந்தமாகவே ஒரு குறுக்குச் சேவையை வைத்திருந்தால் கூட்டல் குறி உதவாது. அப்போது தொடாமல் இருப்பதுதான் வழி. வங்கி விடயமா, வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். பொதி விடயமா, பக்கத்துத் தபால் கந்தோரில் கேளுங்கள்.

இன்னும் எளிய வழி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. தோட்டத்தில் ஒரு தாய்க்கு இந்தச் செய்தி வந்தால், முதல் வேலையாகக் கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு அழைப்பு எடுக்கலாம். “தம்பி, எனக்குப் பார்சல் ஏதும் அனுப்புனியா?” “இல்லையேம்மா, யாரு சொன்னா?” அந்த இரண்டு வரியில் மோசடி முடிந்துவிடும். மோசடிச் செய்திகளில் எப்போதும் ஒரு கெடு இருப்பது இதற்காகத்தான். பன்னிரண்டு மணித்தியாலம், இன்று நள்ளிரவு என்றெல்லாம் விரட்டுவது, மகனுக்கு அழைப்பு எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் பறிப்பதற்கு.

படித்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2016 மார்ச்சில் ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜோன் பொடெஸ்டாவுக்கு, கூகுள் அனுப்பியது போன்ற ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை மின்னஞ்சலில் வந்தது. கடவுச்சொல்லை மாற்றச் சொன்ன அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தது ஒரு பிட்லி லிங்க். அவருடைய அலுவலகத்தின் கணினி உதவியாளரே அது உண்மையான கடிதம் என்று பதில் எழுதினார். பல ஆண்டு மின்னஞ்சல்கள் களவுபோய் உலகத்துக்கே வெளியாயின. ஆனால் அனுப்பியவர்கள் தங்கள் பிட்லி கணக்கை மற்றவர்கள் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தார்கள். செக்யூர்வேர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைக் கண்டுபிடித்து, இன்னும் யார் யாருக்கெல்லாம் அதே வகை லிங்க் போனது என்ற பட்டியலையே எடுத்துவிட்டது.

மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கோ தூர தேசத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். 2024 ஒக்டோபரில் கண்டி குண்டசாலையில், வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு ஹோட்டலில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். இணைய நிதி மோசடி என்பது குற்றச்சாட்டு. மகியங்கனை வழியாகப் பதுளையிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போகும் ஊர் அது. அதற்கு முன், ஜூன் மாதத்தில், நீர்கொழும்பிலும் கொழும்பின் புறநகர்களிலும் சுமார் 60 இந்தியர்கள் இதே போன்ற சந்தேகத்தில் கைதாகினர். அதே ஆண்டில் இன்னொரு கொடுமையும் வெளிச்சத்துக்கு வந்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போன ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, உலகத்தை ஏமாற்றும் செய்திகளை அனுப்பும்படி கட்டாயப்படுத்தப்பட்டிருந்தார்கள். அடி வாங்கிக்கொண்டு அந்தச் செய்தியை அனுப்பியவனும் வேலை தேடிப்போன ஒரு பிள்ளைதான். வெளிநாட்டு வேலை விளம்பரங்களுக்குக் காத்திருக்கும் ஊவாத் தோட்டத்து இளைஞர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

லிங்க்கைத் தொட்ட மாத்திரத்தில் எல்லாம் போய்விடுமா? பெரும்பாலும் இல்லை. தொட்ட பிறகு நாம் தட்டிக் கொடுப்பதில்தான் இழப்பு இருக்கிறது. ஆனால் தொட்டாலே போனைக் கைப்பற்றும் ஆயுதங்களும் இருக்கின்றன. 2016 ஓகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்து மனித உரிமைச் செயற்பாட்டாளர் அஹமது மன்சூருக்கு வந்த லிங்க் அப்படிப்பட்டது. அவர் தொடாமல் டொரொண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார், பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் அகப்பட்டது. ஆப்பிள் அவசரமாக ஐபோன்களுக்குத் திருத்தம் வெளியிட்டது. அத்தகைய ஆயுதம் மிகுந்த விலையுள்ளது, சாதாரண மக்கள் மேல் அதைச் செலவழிக்க மாட்டார்கள். இருந்தாலும் நம் வீடுகளில் எனக்குக் கவலை தருவது பழைய போன்கள். மகன் புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான். அந்தப் போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது எப்போதோ நின்றிருக்கும். விலையுள்ள புதிய ஆயுதம் தேவையில்லை, பல ஆண்டுக்கு முன் எல்லோருக்கும் தெரிந்துபோன ஓட்டையே போதும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு பொறி, லிங்க் வழியாக ஒரு செயலியை நேரடியாக இறக்கச் சொல்வது. கூகுள் பிளே கடைக்கு வெளியே வரும் கோப்பு அது. ‘தெரியாத மூலங்களிலிருந்து நிறுவ அனுமதி’ என்று போன் கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டி, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், ஓடிபியை நாம் சொல்லவேண்டிய தேவைகூட அவர்களுக்கு இல்லை. வாட்ஸ்அப் பரிசுப் போட்டி லிங்க்குகள் வேறு ரகம். பெரிய கடையின் ஆண்டு நிறைவுப் பரிசு என்று நாலு கேள்வி கேட்டு, இருபது பேருக்கு அனுப்பினால் பரிசு என்பார்கள். அனுப்பும் வேலையை நம்மையே செய்ய வைப்பதால், லிங்க் தெரியாத இலக்கத்திலிருந்து வராது. மாமியிடமிருந்து வரும், மச்சானிடமிருந்து வரும், பள்ளிக்கூட ஆசிரியரிடமிருந்து வரும். ‘தெரியாதவர் அனுப்பினால் தொடாதே’ என்ற அறிவுரை அங்கே தோற்றுப்போகிறது.

எந்தச் செய்தியையும் திறக்காதீர்கள் என்று மலையகத்தில் சொல்ல முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் சரிந்தன. இங்கே ஓர் எச்சரிக்கைச் செய்தி உயிரோடு சம்பந்தப்பட்டது. அதனால்தான் அனர்த்த காலத்தில் குட்டி லிங்க்கோடு நிவாரணம், நன்கொடை, எச்சரிக்கை என்று எதையாவது சுற்றவிடுபவர்கள் செய்வது மற்ற மோசடிகளைவிடப் பெரிய பாவம். நாலு பொய்ச் செய்தியில் சலித்தவர் ஐந்தாவதாக வரும் உண்மை எச்சரிக்கையைத் தள்ளிவிடுவார். மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. எச்சரிக்கை உண்மையா என்று அந்த இலக்கத்தில் கேட்கலாம், லிங்க் தேவையில்லை.

நாம் அனுப்பும் குட்டி லிங்க்குகளிலும் கவனம் வேண்டும். நலன்புரிக் கொடுப்பனவுக்கான பெயர்ப் பட்டியல், மாணவர் பட்டியல், அடையாள அட்டை இலக்கங்கள் என்று இணையத்தில் ஏற்றி, குட்டி லிங்க்காக்கிக் குழுக்களில் பகிர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மார்ட்டின் ஜோர்ஜியெவும் நியூயோர்க்கின் கோர்னெல் டெக்கைச் சேர்ந்த விட்டலி ஷ்மட்டிகோவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு எழுத்துக் குறியீடுகளை எழுந்தமானமாக முயன்று பார்த்தே முன்பின் தெரியாதவர்களின் கோப்புகளைத் திறக்க முடிந்தது. 5,680 கோடி என்பது மனிதருக்குப் பெரிய எண், கணினிகளுக்கு அப்படியல்ல. அந்த ஆய்வாளர்கள் சொன்ன பிறகே கூகுள் வரைபடங்களின் குட்டி லிங்க்குகள் 11, 12 எழுத்துகளுக்கு நீண்டன. லிங்க் குட்டியாக இருப்பதால் அது இரகசியமாகிவிடாது.

தனிமனிதரின் எச்சரிக்கையை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் போராட்டம் தோல்விதான் என்பது என் உறுதியான எண்ணம். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த பொய்க் குறுஞ்செய்திகளால் 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டொலர் இழந்தார்கள். வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையிலேயே பொய்ச் செய்தியும் போய் உட்கார்ந்தது. அடுத்த மாதமே அந்த நாட்டின் நாணய ஆணையம், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தொடக்கூடிய லிங்க்கே இருக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2023 ஜனவரி முடிவிலிருந்து, பெயரைப் பதிவு செய்யாத நிறுவனத்தின் செய்தி ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற தலைப்பின் கீழ் போகிறது. இந்தியாவில் 2024 ஒக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிவு செய்யப்படாத லிங்க் உள்ள வணிகக் குறுஞ்செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பணித்தது.

அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். நம் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் குட்டி லிங்க் அனுப்புவதை அடியோடு நிறுத்த வேண்டும். நல்லவர்கள் யாரும் அனுப்புவதில்லை என்று ஆகிவிட்டால், வந்த லிங்க் யாருடையது என்ற குழப்பமே மிஞ்சாது. ஓடிபி செய்தியில் தொகையும் கடையின் பெயரும் தமிழில் வர வேண்டும். மொழியைத் தெரிவு செய்யும் வசதி வங்கிக் கணக்கு திறக்கும் படிவத்திலேயே இருக்கட்டும். 70 இடங்களுக்குள் அடங்காவிட்டால் இரண்டு குறுஞ்செய்தியாக அனுப்பட்டும். அந்தச் செலவு வங்கிக்குப் பெரிதல்ல.

லிங்க்கைத் தொட்டு விபரங்களையும் கொடுத்துவிட்டவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அப்போதே அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள், நிமிடங்களில் வித்தியாசம் இருக்கிறது. செயலி எதையாவது இறக்கியிருந்தால் முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொருவரின் போனிலிருந்து வங்கிக்கு அழையுங்கள். வாட்ஸ்அப் இலக்கத்தைப் பறிகொடுத்தவர் அதே சிம்மில் மீண்டும் பதிவு செய்து, இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கக் குறியை இட்டுக்கொள்ள வேண்டும். இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் இலக்கம் 101. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம், பொலிஸில் முறைப்பாடு செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

முறைப்பாட்டுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தக் குறுஞ்செய்திதான். பயத்தில் பலர் அதை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லிங்க்கின் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரியட்டும். அந்தக் குட்டி லிங்க்கை நடத்தும் சேவைக்கு அதை அறிவித்தால், அவர்கள் தங்கள் பட்டியலில் அந்த ஒரு வரியை முடக்க முடியும். முடக்கினார்கள் என்றால், அதே லிங்க் லுணுகலைக்கும் வெலிமடைக்கும் ஹப்புத்தளைக்கும் போயிருந்தாலும், இன்னும் அதைத் தொடாத அத்தனை போன்களிலும் அந்தக் கணமே அது செத்துவிடும்.